மூன்று மணி முதல் ஆறு மணி வரை செயலாளர்

இதை வலது கையால் எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருக்கின்றன. ஒன்றின் வழியாக இரத்தம் வெளியே போகிறது, மற்றதன் வழியாகக் கழுவிய இரத்தம் உள்ளே வருகிறது. நான்கு மணித்தியாலம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி. பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் நாலரைக்கு முடியும். அறையில் எட்டுக் கதிரைகள். இடப்பக்கத்தில் ஒரு மாலி நாட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்கிறார். வலப்பக்கத்தில் ஒரு பிரெஞ்சு அம்மா குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புகிறார். எனக்குப் பகலில் நித்திரையும் வராது, குறுக்கெழுத்துக்கு வேண்டிய பிரெஞ்சும் தெரியாது. சங்கத்துக்கு அறிக்கை எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நோயிலிருந்து எழும்பியவர்கள்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள். நான் எழும்பவில்லை. எழும்புவேன் என்ற நினைப்பும் இல்லை. ஆனால் என்னைப் பற்றி விசாரிப்பவர்களிடம் வசந்தி, என் மனைவி, "பிரஷர் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.

என் பெயர் சிவநேசன். வயது ஐம்பத்து மூன்று. பாரிசுக்கு வெளியே செவ்ரானில் நான், வசந்தி, பத்தொன்பது வயது மகள் அபிரா மூவரும் இருக்கிறோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் இருபத்திரண்டு வருடம் சமைத்தேன். உணவக வேலையில் கூப்பூர் என்று ஒன்று உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிய மூன்று மணிக்கு வெளியே விடுவார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும். இடையில் உள்ள நேரத்துக்குச் சம்பளம் இல்லை. செவ்ரானுக்குப் போய்ப் படுத்து எழும்பி வரவும் நேரம் காணாது. என்னோடு வேலை செய்தவர்கள் உடுப்பு மாற்றும் அறையில் காட்போட் மட்டையை விரித்துக் காலை நீட்டுவார்கள். நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நடப்பேன். பத்து நிமிட நடை. அங்கே மூன்று மணி முதல் ஆறு மணி வரை நான் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர்.

பள்ளிக்கூடத்தைத்தான் அங்கே கல்லூரி என்போம், அதன் பெயரை எழுத மாட்டேன். யாழ்ப்பாணத்தில் எந்தக் கல்லூரிக்கும் பாரிசில் ஒரு சங்கம் இருக்கிறது, எந்தச் சங்கத்துக்கும் என்னைப்போல ஒரு செயலாளர் இருக்கிறார். ஆகவே யாரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், தங்களைச் சொல்லவில்லை என்று தப்பவும் வேண்டாம்.

செயலாளர் என்றால் என்ன வேலை என்று அபிரா ஒருமுறை கேட்டாள். எல்லோருக்கும் தொலைபேசி எடுப்பது என்றேன். மண்டபம் பிடிக்க வேண்டும். விழா மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராதவர்களைத் துரத்த வேண்டும். ஒரு போசகரின் பெயரை மற்றப் போசகரின் பெயருக்குக் கீழே போட்டுவிட்டால் இரண்டு பேரையும் வீடு தேடிப் போய்ச் சமாதானப்படுத்த வேண்டும். இதெல்லாம் மூன்று மணித்தியாலத்தில் அடங்காது. அதனால் வேலை நேரத்திலும் தொலைபேசி ஏப்ரனுக்குள் அதிர்ந்துகொண்டிருக்கும். இறைச்சி வைக்கும் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லுக் கிடுகிடுக்கத் தலைவரோடு கதைப்பேன். எங்கள் ஷெஃப்புக்கு வயது முப்பத்தொன்று. "சிவா, உன்ரை மந்திரிசபை கூடுதோ?" என்று பிரெஞ்சில் நக்கலடிப்பான். அந்த வருடம் பாத்திரம் கழுவுகிறவன் விலகிப்போய், அவன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஒரு சமையல்காரனும் போனான். அந்த இரண்டு வேலையும் எங்கள் தலையில் பிரிந்து விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் ஜூன் மாதத்தில் விழாவுக்கு லீவு தரமாட்டார்கள்.

கல்லூரிக்காகச் செய்தேன் என்று மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். படுக்கையில் கிடந்து யோசித்தபோது அது பொய் என்று விளங்கியது. குசினியில் இருபத்திரண்டு வருடமும் நான் வெறும் சிவா. என்னைவிட இருபது வயது குறைந்தவன் என் தட்டைப் பார்த்து உப்புக் கூட என்று திருப்பி அனுப்புவான். லா சப்பலில் நான் நடந்து போனால் கடைக்காரர் வெளியே வந்து "செயலாளர், உங்களைத்தான் தேடினனான்" என்பார். வருடத்தில் ஒரு நாள் ஒலிவாங்கியில் என் முழுப்பெயரை வாசிப்பார்கள், பொன்னாடை போடுவார்கள். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களை விற்றேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

இனிக் குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே வாங்கு. பியர்ஃபித் என்ற புறநகரில் இருக்கிறான். விடிய நாலு மணிக்கு எழும்பி அலுவலகங்கள் துப்புரவு செய்கிறான். சங்கத்தில் அவனுக்கு ஒரு பதவியும் இல்லை, ஆனால் அவனிடம் ஒரு வான் இருக்கிறது. கதிரை, சட்டி, ஒலிபெருக்கி, மலர்க் கட்டு எல்லாம் அவன் முதுகில்தான் ஏறி இறங்கும். அதனால் அவனுக்கு நாரி நோ, இடுப்போடு முதுகு பிடித்துக்கொள்ளும். எனக்கும் நின்று நின்று நாரி நோ. ஒருநாள் மலர்க் கட்டுகளை இறக்கும்போது நான் குனிந்தபடி நிமிர முடியாமல் நின்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து இரண்டு குளிசை உடைத்துத் தந்தான்.

"இதைப் போட்டுப் பார் மச்சான். அரை மணித்தியாலத்திலை ஆள் புதுசாய் எழும்புவாய்."

எழும்பினேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்தக் குளிசையில்தான் எழும்பினேன். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அலமாரிக்கு மேலே ஒரு மருந்துப் பை இருக்கும். இந்த நாட்டில் மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லை என்றபடியால் டொக்டர் எழுதியதை எல்லாம் வாங்கிவிட்டு, பாதியை மிச்சம் வைப்போம். எறிய மனம் வராது. பிறகு யாருக்காவது அதே இடத்தில் நோகிறது என்றால் அன்போடு எடுத்துக் கொடுப்போம். குகனுக்கு அவனுடைய டொக்டர் எழுதியது, அவன் மனைவியின் அக்காவுக்கு எழுதியது, பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியது எல்லாம் அந்தப் பையில் சேரும். கூட்டத்துக்கு வரும்போது எனக்கு ஒரு அட்டை கொண்டுவருவான். காலையில் ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று போட்டேன்.

அது நோவையும் வீக்கத்தையும் குறைக்கும் வகைக் குளிசை. சில நாட்களுக்குப் போட்டால் பிழையில்லை. வருடக்கணக்கில் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும், பிரஷர் உள்ளவனுக்கு இன்னும் மோசம். சிறுநீரகம் நோகாது. பல் போலவும் இதயம் போலவும் அது சத்தம் போட்டுக் கூப்பிடாது. பாதி போகும்வரை ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன்.

எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் வேலையிடத்து மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். பிரஷர் ஏறிக் கிடந்தது, சிறுநீரில் புரதம் போனது. இரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வைத்தியர் ஒரு தாளில் நாற்பது என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். நூற்றுக்கு நாற்பதுதான் உங்கள் சிறுநீரகம் வேலை செய்கிறது, என்ன குளிசை போட்டாலும் முதலில் அதை நிறுத்துங்கள், சிறுநீரக வைத்தியரை உடனே பாருங்கள் என்று கடிதமும் தந்தார். நான் அந்தக் கடிதத்தை மலருக்கு வந்த கட்டுரைகளோடு ஒரே கோப்பில் வைத்தேன்.

ஆஸ்பத்திரி ஒரு வெள்ளிக்கிழமை நாள் தந்தது. அதே வெள்ளிக்கிழமைதான் எங்கள் கல்லூரி அதிபர் பிரதம விருந்தினராக வந்து இறங்கினார். அவரை விமான நிலையத்தில் மாலையோடு வரவேற்பது செயலாளரின் கடமை. தொலைபேசியில் நாளை மாற்றச் சொன்னேன். ஐந்து மாதம் தள்ளிக் கிடைத்தது. அந்த நாளில் குசினியில் ஆள் இல்லை, போகவில்லை. பிறகு நான் கேட்கவுமில்லை. வசந்தி கேட்டபோதெல்லாம் இந்த விழா முடியட்டும் என்றேன். எங்கள் சங்கத்தில் ஒரு விழா முடிந்தால் அடுத்த விழாவின் வேலை தொடங்கிவிடும்.

கடைசி விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் சாப்பாடு பிடிக்காமல் போனது. வாயில் செப்புக் காசு வைத்த மாதிரி ஒரு சுவை. உடம்பெல்லாம் கடி, சொறிந்தபடியே இருந்தேன். நடந்தால் மூச்சு வாங்கியது. விழாவன்று கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லை. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு செருப்போடு மேடை ஏறினேன். செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பக்கக் கணக்கில் மனப்பாடம் என்பதால் தட்டுத்தடுமாறி முடித்தேன். மேடைக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வந்து நன்றியுரையும் சொன்னேன். கைதட்டினார்கள். திங்கட்கிழமை காலை கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. அபிரா என் கால்களைப் பார்த்துவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அவசரப் பிரிவில் ஒரு தள்ளுகட்டிலில் நடைக்கூடத்தில் கிடந்தேன். பக்கத்தில் ஒருவர் அரபியில் அழுதுகொண்டிருந்தார். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசை பூசி ஸ்கேன் பார்த்தார்கள். ஸ்கேன் பார்த்த பெண் ஒரே இடத்தை மூன்று முறை அளந்தாள். அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது. மாலையில் சிறுநீரக வைத்தியர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கதைப்பவர். குசினிப் பிரெஞ்சு எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு தெரியாது. அபிராதான் இடையில் நின்றாள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. நூற்றுக்கு எட்டுத்தான் வேலை செய்கின்றன. இது புதிதாக வந்தது இல்லை, ஆகவே திரும்பி வராது. இன்றைக்கே இயந்திரத்தில் போடாவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். அபிரா ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள். "திரும்பி வராது" என்பதை மட்டும் அவள் தமிழில் சொல்லவில்லை. "அப்பா, சே தெஃபினித்திஃப்" என்று பிரெஞ்சிலேயே விட்டுவிட்டாள். எனக்கு விளங்கியது.

கழுத்தில் ஒரு குழாயை இறக்கி முதல் நாள் கழுவினார்கள். என்ன குளிசை போட்டீர்கள் என்று வைத்தியர் கேட்டார். வசந்தி வீட்டுக்குப் போய் மருந்துப் பையை அப்படியே கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். வெறும் அட்டைகளே ஒரு குவியல். வைத்தியர் ஒன்றை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். எந்த அட்டையிலும் என் பெயருக்கு எழுதிய மருந்து இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினெட்டு நாள் இருந்தேன். சங்கத்து ஆட்கள் அணி அணியாக வந்தார்கள். வாழைப்பழம், தோடம்பழச் சாறு, இளநீர்ப் போத்தல் என்று கட்டில் நிறைந்தது. மூன்றிலும் பொட்டாசியம். எனக்கு மூன்றும் நஞ்சு. அப்போதே பக்கத்துக் கட்டிலில் கிடந்த மாலிக்காரர் எல்லாவற்றையும் ஏக்கத்தோடு பார்த்தார், அவருக்கும் நஞ்சுதான். கடைசியில் தாதிமார் சாப்பிட்டார்கள். தலைவர் அண்ணையும் வந்தார். என் கையைப் பிடித்து, எல்லாம் சுகமாகும், கடவுள் இருக்கிறார் என்று சொன்னார். கண் கலங்கினார், அது நடிப்பில்லை. எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று தயங்கினார்.

"தம்பி, சங்கத்து மின்னஞ்சலின்ரை கடவுச்சொல்லை ஒருக்கால் எழுதித் தாறியோ? சனம் படம் கேக்குது."

எழுதிக் கொடுத்தேன்.

பில் வரும் என்று பயந்தோம், வரவில்லை. நீண்டகால நோய் என்று பதிந்துவிட்டார்கள், எல்லாம் அரசாங்கம் பார்க்கும், வீட்டுக்கு வந்து ஏற்றிப்போகிற டாக்சி உட்பட. உயிரோடு வைத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு இடது கையில் ஒரு சத்திரசிகிச்சை. தமனியையும் நாளத்தையும் ஒன்றாகத் தைத்து, ஊசி தாங்கும்படி நாளத்தைப் பருக்க வைப்பார்கள். தொட்டால் உள்ளே குளிர்சாதனப் பெட்டி ஓடுவதுபோல ஒரு அதிர்வு. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. நாற்பது லீற்றர்ச் சட்டி தூக்க முடியாத சமையல்காரனுக்குக் குசினியில் இடமில்லை. வேலைக்குத் தகுதியற்றவன் என்று தாள் வந்தது. அபிரா அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். அடுத்த வாரம் அவள் ஒரு உடுப்புக் கடையில் சனிக்கிழமை வேலைக்குச் சேர்ந்தாள்.

தண்ணீர்தான் பெரிய வதை. ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கக் கூடாது, குழம்பும் தேத்தண்ணியும் அதற்குள் அடக்கம். கூடினால் நுரையீரலில் தேங்கும். வசந்தி எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டுக் குட்டிக் குட்டி ஐஸ் கட்டி செய்து வைப்பாள். நான் ஒன்றை வாயில் வைத்துக் கரைத்துக்கொண்டிருக்கும்போது அவள் தன் தண்ணீரைக் குசினிக்குள் போய்க் குடித்துவிட்டு வருவாள். எனக்கு முன்னால் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி வேறொருவரின் சிறுநீரகம். இறந்தவர்களிடமிருந்து எடுப்பதற்குப் பட்டியல் இருக்கிறது, என் பெயரும் அதில் இருக்கிறது. வருடங்கள் ஆகும் என்றார்கள். எத்தனை என்று சொல்லவில்லை. உயிரோடு இருப்பவர் தந்தால் நல்லது. வசந்திதான் முதலில் கையை நீட்டினாள். அவளுக்குச் சீனி வியாதி, முதல் நாளே வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, இனிப்புச் சாப்பிட்ட வாய்க்குத் தானே இரண்டு அடி போட்டாள். அபிரா நான் தருகிறேன் என்றாள். அந்தக் கதையை நான் தொடங்கவே விடவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் உடம்பை என் முட்டாள்தனத்துக்காக வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த நாட்டுச் சட்டப்படி நண்பரும் தரலாம். இரண்டு வருடத்துக்கு மேல் நெருக்கமாக இருந்ததை நிரூபித்து, நீதிபதி முன்னால் போய்த் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் அதை எங்கள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். நாற்பத்தொரு பேர். ஒருவரை ஒருவர் உயிர் நண்பர் என்று எழுதும் குழு. கும்பிடு கைகள் வந்தன, பிரார்த்திக்கிறோம் என்று வந்தது, கோயிலில் அர்ச்சனை செய்த படம் வந்தது. இரண்டாம் நாள் யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள், கேக் படங்கள் ஏறி என் செய்தி மேலே போய்விட்டது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் கும்பிடு கைதான் போட்டிருப்பேன்.

குகன் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை செவ்ரானுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னான்.

"குளிசை தந்தது நான். கிட்னியும் நானே தாறன். வேறை கதை இல்லை."

வசந்தி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவனுக்கும் எனக்கும் இரத்த வகை பொருந்தியது. நீதிபதிக்குக் காட்டவென்று அவன் ஒரு கோப்புத் தயாரித்தான். ஆறாம் வகுப்புப் படம், பதினைந்து வருட விழாப் படங்கள், நான் அறிக்கை வாசிக்கப் பின்னால் அவன் கதிரை தூக்கும் படம். சங்கம் கடைசியில் ஒரு பிரயோசனத்துக்கு வந்தது என்று இருவரும் சிரித்தோம். அந்த மூன்று வாரம் நான் நம்பினேன். தண்ணீர் குடிக்கக் கனவு கண்டேன். ஒரு முழுப் போத்தலை நின்ற நிலையில் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதல் இரத்தப் பரிசோதனைத் தாளை ஆய்வுகூடம் அவனிடமே கொடுத்துவிட்டது. வைத்தியரைச் சந்திக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. லா சப்பலில் நாங்கள் வழக்கமாக இருக்கும் தேத்தண்ணிக் கடைக்கு என்னை வரச் சொல்லி, தாளை மேசையில் விரித்தான். நீதான் இப்ப பாதி டொக்டர், வாசி என்றான். எனக்கு இப்போது அந்தத் தாள்களை நன்றாக வாசிக்கத் தெரியும். மற்றதையெல்லாம் தாண்டிக் கண் நேராகக் கிரியாட்டினின் என்ற வரிக்குப் போய்விடும். தசையிலிருந்து வரும் கழிவு அது, சிறுநீரகம் களைத்தால் இரத்தத்தில் கூடும். கூடியிருந்தது. அதற்குக் கீழே சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு.

எனக்கு முதலில் என்ன வந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். அவன்மேல் இரக்கம் வரவில்லை. கோபம் வந்தது. எனக்கு வரவேண்டிய சிறுநீரகத்தை இவன் நாசமாக்கிப்போட்டானே என்ற கோபம். அது ஒரு நிமிடம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அவனும் அதே குளிசையை அதே ஆறு வருடம், என்னைவிடக் கூடப் போட்டவன் என்பது எனக்குத் தெரியாததா? இருவரில் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. அவன் அந்தக் குளிசையால் நோவே இல்லாமல் ஓடித் திரிந்தான், அதனால் அவனைச் சுகதேகி என்று நினைத்தோம்.

"மச்சான், உன்னட்டை எடுக்கேலாது."

"ஏன், குறூப் சரி எண்டவைதானே?"

குறூப் சரி என்றேன். பிறகு முப்பத்தெட்டில் விரலை வைத்துச் சொன்னேன். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், அந்தப் பையில் குளிசை அட்டை சரசரக்கும் சத்தம் கேட்டது. வசந்தியிடம் குறூப் பிழை என்று சொல் என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு, குகன் அண்ணையின் மனைவிக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

நான் குழுவுக்கு ஒரு நீளமான செய்தி எழுதினேன். யார் யார் குகனிடமும் மற்றவர்களிடமும் நாரிக் குளிசை வாங்கினீர்களோ அவர்கள் இரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று. தலைவர் அண்ணை தனியாக எடுத்து, விழாவுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, இப்படிப் போட்டால் சனம் பயப்படும், குகனின் பெயரும் கெடும், பிறகு ஆறுதலாகப் பார்ப்போம் என்றார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. நான் குகனின் பெயரை எடுத்துவிட்டு அனுப்பினேன். இருபத்தாறு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர், எந்தப் பிராண்ட் என்று கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை குகனைச் சிறுநீரக வைத்தியரிடம் கூட்டிப்போனேன். என்னைப் பார்க்கும் அதே அம்மாதான். அவனுக்குப் பிரெஞ்சு காணாது, அபிராவுக்குப் பரீட்சை, ஆகவே நானே மொழிபெயர்ப்பாளன். காத்திருக்கும் அறையில் அவனுக்கு மூன்று அழைப்பு வந்தது. நான் விலகிய பிறகு செயலாளர் வேலையை அவன் தலையில் கட்டியிருந்தார்கள். மூன்றும் மண்டபத்தைப் பற்றி.

எத்தனை குளிசை போடுகிறீர்கள் என்று வைத்தியர் கேட்டார். இடைக்கிடை என்றான் குகன். நான் நாள்தோறும் மூன்று, ஆறு வருடம் என்று பிரெஞ்சில் சொன்னேன். நாள்தோறும் என்பதற்கான 'தூ லே ஜூர்' அவனுடைய துப்புரவு அட்டவணையில் இருக்கும் சொல், அவனுக்கு விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான், மறுக்கவில்லை. வைத்தியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். போனது போனதுதான் என்றார். மிச்சத்தைக் காப்பாற்றலாம், ஆனால் இன்றைக்கே குளிசையை நிறுத்த வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மற்ற அலைச்சல் எல்லாவற்றையும் விட வேண்டும். நான் ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன். குகன் மேசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் என்னிடம் திரும்பினான்.

"உனக்கு இதை அண்டைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா விட்டிருப்பாய்தானே?"

"சொன்னவை மச்சான். நாப்பதிலை நிக்கேக்கையே சொன்னவை. நான் விடேல்லை."

"அப்ப என்னை ஏன் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனீ?"

வைத்தியர் என் முகத்தைப் பார்த்தார். குகன் என்ன கேட்கிறார் என்று விசாரித்தார். குகனுக்குக் கேள்வி ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.